பிறந்தநாள் முடிந்ததும் தோட்டத்துக்குப் போகும் கைவேலைகள்

பிறந்தநாள் விழா முடிந்த மறுநாள் காலையில் மொட்டை மாடியைக் கூட்டியவர்களுக்குத் தெரியும். வெடித்த பலூன் துண்டுகள், ஜிகினாத் தூள், தெர்மாகோல் எழுத்துகள் உடைந்து உதிர்ந்த வெள்ளை மணிகள் என்று எல்லாம் கிடக்கும். துடைப்பத்தில் ஒட்டும், காற்றில் பறக்கும், பூந்தொட்டி மண்ணில் கலந்துவிட்டால் பொறுக்கி எடுக்கவே முடியாது. என் மகளின் முதல் பிறந்தநாளுக்கு மறுநாள் இப்படி இரண்டு சாக்கு நிறைய அள்ளிக் குப்பை வண்டியில் போட்டேன். அத்தனையும் காசு கொடுத்து வாங்கியவை. உழைத்தது ஒரே ஒரு சாயங்காலம்.

அடுத்த வருடத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். விழாவுக்காகக் கையால் எதைச் செய்தாலும், மறுநாள் அது தோட்டத்தில் ஒரு வேலைக்கு ஆக வேண்டும். ஒன்று அதில் செடி வளரவேண்டும், அல்லது அது மட்கி உரமாக வேண்டும், அல்லது மடித்து வைத்து அடுத்த வருடமும் கட்ட வேண்டும். இந்த ஒரு வழக்கத்தால் செலவும் தானாகக் குறைந்துவிட்டது. இருபது குழந்தைகள் வரும் விழாவுக்குச் சணல் கயிறு, உப்புத்தாள், உரம் எல்லாம் சேர்த்து எனக்கு 500 ரூபாயைத் தாண்டவில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே பிளாஸ்டிக் கொடி, பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் போன்றவற்றுக்குத் தடை உண்டு. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் பலூன் செருகும் பிளாஸ்டிக் குச்சியும் அலங்காரத் தெர்மாகோலும் தடைப் பட்டியலில் இருக்கின்றன. கடையில் இன்னமும் கிடைக்கலாம், ஆனாலும் வாங்க வேண்டாம்.

கைவேலையே செய்து பழக்கமில்லாதவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கத்தரிக்கோல், சுத்தியல், இரண்டு அங்குல ஆணி, பென்சில், அளக்க ஒரு அடிக்கோல் இருந்தால் போதும்.

ஐந்து வாரத்துக்கு முன்: சேர்க்கத் தொடங்குங்கள்

நேரம் பிடிக்கும் வேலை இதுதான். இருபது குழந்தைகளுக்குக் கையில் கொடுத்தனுப்ப இருபது கொட்டாங்கச்சித் தொட்டி வேண்டுமென்றால் இருபது தேங்காய் உடைபட வேண்டும். ஏனென்றால் ஒரு தேங்காயில் கண் இருக்கும் பாதி ஒன்றுதான். இரண்டு நாளைக்கு ஒரு தேங்காய் செலவாகும் வீட்டில் அதற்கு 40 நாள் ஆகும். அதனால் பக்கத்து வீட்டிலும் தெருமுனை டிபன் கடையிலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கண் உள்ள மூடி, கண் இல்லாத மூடி என்று பிரித்து, இரண்டையும் கவிழ்த்து வையுங்கள்.

கவிழ்த்து வைப்பது முக்கியம். மழை பெய்து நிமிர்ந்த கொட்டாங்கச்சியில் தண்ணீர் தேங்கினால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகி வெளியே பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்கள் முதலில் டயரையும் கொட்டாங்கச்சியையும் தேடுவது இதனால்தான்.

கூடவே பால்பவுடர் டப்பா, பழைய பருத்திப் புடவை, செய்தித்தாள், ஐஸ் குச்சி இவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு வாருங்கள்.

கொட்டாங்கச்சித் தொட்டி

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. தேங்காயின் மூன்று கண்ணில் இரண்டு இறுகிக் கல்லாக இருக்கும், ஒன்று மட்டும் இளகியிருக்கும். தென்னங்கன்று முளைத்து வெளியே வரும் வழி அது. தேங்காயைத் துருவி எடுத்தபின் உட்புறமிருந்து ஆணியால் குத்தினால் அந்தக் கண் சட்டென்று திறந்துகொள்ளும். தண்ணீர் வடிய ஓட்டை தயார். டிரில்லிங் மெஷின் எதுவும் வேண்டாம். மற்ற இரண்டு கண்ணில் ஆணி வைத்து அடிக்காதீர்கள், ஓடு விரிசல் விடும்.

தேங்காய் உடைப்பதிலும் கொஞ்சம் கவனம் தேவை. கையில் பிடித்து, நடுப்பகுதியைச் சுற்றி அரிவாளின் முதுகால் தட்டிக்கொண்டே உருட்டுங்கள். ஓங்கி ஒரே அடி அடித்தால் ஓரம் கோணலாகும். ஓடு ஈரமாக இருந்தால் சீராகப் பிளக்கும்.

துருவியபின் உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயை நன்றாகச் சுரண்டி எடுங்கள். மிச்சமிருந்தால் எறும்பு வரும், பூஞ்சணம் பிடிக்கும். ஒரு நாள் வெயிலில் காயவைத்தால் ஒட்டிய துணுக்கு சுருங்கித் தானாகப் பெயர்ந்து வரும்.

அப்புறம் வெளிப்புறம். முதலில் கையால் நாரைப் பிய்த்துவிட்டு, 80 நம்பர் உப்புத்தாளால் நாரின் வேர் போகும்வரை தேயுங்கள். பிறகு 120 நம்பர் தாளால் ஒரு சுற்று. ஒன்றுக்குப் பத்து நிமிடம் ஆகும். தூள் நிறையப் பறக்கும், மூக்கில் துணி கட்டிக்கொண்டு வெளியில் உட்கார்ந்து செய்யுங்கள். தேய்த்து முடித்ததும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் கருப்பட்டி நிறத்தில் பளபளவென்று வரும். இதன்மேல் எனாமல் பெயின்ட் அடிப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஓட்டின் ரேகைகளைவிட அழகான நிறம் டப்பாவில் கிடைக்காது, பெயின்ட் அடித்த ஓடு மண்ணோடும் சேராது.

அடி உருண்டையாக இருப்பதால் மேசையில் நிற்காதே என்று கேட்பீர்கள். பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணைதான் வழி. பழைய புடவையில் மூன்று விரல் அகலத்தில் ஒரு பட்டை கிழித்து முறுக்குங்கள். ஒரு வளையல் அளவுக்கு வளைத்து, மீதியை அதன்மேலேயே சுற்றி, நுனியைச் செருகினால் முடிந்தது.

மண் கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் என்று கட்டியாக விற்கும் தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. நார்த்தூளில் உப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு முறை அலசிய பிறகே கலக்க வேண்டும். கண் ஓட்டையின்மேல் ஒரு சிட்டிகை தேங்காய் நாரை வைத்து மண்ணை நிரப்புங்கள். ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை குறைவாக இருக்கட்டும், அப்போதுதான் ஊற்றும் தண்ணீர் வழியாமல் நிற்கும்.

என்ன நடுவது? முதல் தடவை நான் கொத்தமல்லி விதைத்தேன். முழு விதையாகவே போட்டுவிட்டேன், அதுவும் விழாவுக்குப் பத்து நாள் முன்னால்தான். விழா நாளில் பாதித் தொட்டியில் வெறும் மண். குழந்தைகள் கையில் மண்ணை மட்டும் கொடுத்தனுப்பியது இன்னும் எனக்குக் குறையாகவே இருக்கிறது. கொத்தமல்லி விதையை உருட்டுக்கட்டையால் லேசாக அழுத்தி இரண்டாகப் பிளந்து விதைக்க வேண்டும், அப்படியும் முளைக்க ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் பிறகு கற்றுக்கொண்டவை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மூன்று செடிகளைத்தான் சொல்வேன். கற்பூரவள்ளி: ஒரு சாண் கிளையை ஒடித்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு நட்டால் வேர் பிடித்துவிடும். விழாவுக்கு மூன்று வாரம் முன்னால் நடுங்கள். டேபிள் ரோஸ், அதாவது பத்துமணிப் பூ: விரல் நீளத் தண்டு போதும். ஆனால் வெயில் வேண்டும், நிழலில் வைத்தால் பூக்காது. வெந்தயம்: ஒரு இரவு ஊறவைத்துத் தூவி மேலே மெல்லிய மண் போட்டால் மூன்றாம் நாளே முளை தெரியும். விழாவுக்குப் பத்து நாள் முன்னால் விதைத்தால் அன்றைக்குப் பச்சைப் பசேலென்று நிற்கும். சின்னக் குழந்தைகளுக்கு வெந்தயம்தான் சரி, வீட்டுக்குப் போய்ச் சில நாளில் கிள்ளிப் பருப்பில் போடலாம்.

கண் இல்லாத மூடிகளையும் வீணாக்க வேண்டாம். தேய்த்து எண்ணெய் தடவி, விழாவில் சுண்டல் பரிமாறலாம். பிறகு இரண்டு மூன்றை மட்டும் குருவிக்குத் தண்ணீர் வைக்க எடுத்துக்கொண்டு, தினமும் தண்ணீரைக் கொட்டி மாற்றுங்கள்.

தொங்கவிட ஒரு உறி

பாட்டி வீட்டில் தயிர்ச்சட்டி தொங்கிய அதே உறிதான், அளவில் சின்னது. ஓட்டில் துளை போடாமலே தொங்கவிடலாம்.

ஒன்றரை மீட்டர் நீளத்தில் நான்கு சணல் கயிறுகளை வெட்டிச் சேர்த்து நடுவில் மடியுங்கள். மடிப்புக்குக் கீழே மூன்று விரல் விட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முடிச்சு. மேலே இருக்கும் வளையம் ஆணியில் மாட்ட, கீழே எட்டு இழை தொங்கும். இரண்டிரண்டாகப் பிரித்து நான்கு ஜோடி ஆக்குங்கள். மேல் முடிச்சிலிருந்து 40 செ.மீ. கீழே ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு முடிச்சு, நான்கும் ஒரே உயரத்தில். அதிலிருந்து 6 செ.மீ. கீழே, ஒரு ஜோடியின் இழை ஒன்றையும் அடுத்த ஜோடியின் இழை ஒன்றையும் சேர்த்து முடியுங்கள். சுற்றி வந்து நான்கு முடிச்சு போட்டதும் வலை மாதிரி வரும். அதற்குள் கொட்டாங்கச்சியை வைத்துப் பார்த்து, அடியில் எட்டு இழையையும் சேர்த்து இறுக்கி ஒரு முடிச்சு. மீதியைக் குஞ்சம்போல் விட்டுவிடலாம். முதல் உறி கோணலாக வரும், மூன்றாவதில் கை பழகிவிடும்.

விழா நாளில் இவற்றைக் கொடிக்கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டால் வேறு அலங்காரமே தேவைப்படாது.

புடவைக் கொடி

ஐந்தரை மீட்டர் புடவையில் 90 கொடிக்கு மேல் வரும். அட்டையில் 15 செ.மீ. அகலம், 40 செ.மீ. நீளத்தில் பட்டம் போல ஒரு சாய்சதுரம் வெட்டி அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். துணியில் அதை வைத்து வரைந்து வெட்டி, கயிற்றின்மேல் போட்டு இரண்டாக மடித்தால் இருபக்கமும் ஒரே மாதிரி தெரியும் முக்கோணக் கொடி. உள்பக்க ஓரத்தில் பசை தடவி அழுத்தினால் போதும். காற்று அதிகமுள்ள மாடி என்றால் கயிற்றுக்குக் கீழே ஒரு ஓட்டுத் தையல் போடுங்கள். கொடிக்குக் கொடி 5 செ.மீ. இடைவெளி விட்டால் 5 மீட்டர் கயிற்றுக்கு 25 கொடி ஆகும்.

பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். இரண்டு மேசைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். வெள்ளை மாறிக் கண்ணாடி போல ஆனதும் இறக்குங்கள். சுவரொட்டிப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், குழந்தைகள் தொடும் பொருளில் வேண்டவே வேண்டாம். அன்றன்றைக்குத் தேவையானதைக் காய்ச்சி அன்றே தீர்த்துவிடுங்கள்.

வெள்ளை வேட்டிதான் இருக்கிறது என்றால், மஞ்சள் தூள் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து நிழலில் காயவைத்தால் நல்ல மஞ்சள் நிறம் ஏறும். வெயிலில் சில நாளில் வெளுத்துவிடும். அதனால் என்ன, அடுத்த வருடம் திரும்ப முக்கிக்கொள்ளலாம்.

தகர டப்பா விளக்கு

சாயங்கால விழாவுக்கு இது அழகு. வெறும் டப்பாவில் ஆணி அடித்தால் தகரம் நசுங்கும். அதனால் ஈரமணலை உள்ளே திணித்து நன்றாகக் குத்தி இறுக்குங்கள். தாளில் உங்களுக்குத் தெரிந்த ஒரு புள்ளிக் கோலத்தை வரைந்து டப்பாவைச் சுற்றி ஒட்டி, படுக்கவைத்து, உருளாமல் இருபுறமும் மடித்த துணியை அணை கொடுத்து, புள்ளி இருக்கும் இடத்திலெல்லாம் ஆணியால் ஒரு அடி. கோலத்தின் கோடுகள் வழியாகவும் நெருக்கமாகக் குத்திக்கொண்டே போகலாம். மணலைக் கொட்டிக் கழுவிவிட்டு, உள்ளே ஒரு அகல் ஏற்றினால் சுவரில் கோலம் விழும். இதைப் பார்க்கும்போது என் அம்மாவுக்கு வந்த சந்தோஷத்துக்காகவே வருடாவருடம் ஒன்று கூடுதலாகச் செய்கிறேன்.

குழந்தைகள் ஓடும் இடத்தில் அகலுக்குப் பதில் பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு வையுங்கள். துணிக் கொடிக்கு நேர் கீழே எரியும் விளக்கு வேண்டாம். உட்பக்கம் ஆணி முனை பிதுங்கிய இடம் கையைக் கிழிக்கும், பெரியவர்கள்தான் கழுவ வேண்டும்.

ஐஸ் குச்சிப் பெயர்ப் பலகை

குச்சியைக் கழுவிக் காயவைத்து, எலுமிச்சைச் சாதம், கேசரி என்று பலகாரப் பெயரை ஒரு பக்கம் எழுதிப் பாத்திரத்துக்கு முன்னால் நிறுத்துங்கள். மறுபக்கம் செடியின் பெயர். பேனா மை தண்ணீர் பட்டதும் கரையும், பென்சில் எழுத்து அழியாது. மண்ணில் செருகும் முனையை உருகிய மெழுகில் ஒரு முறை முக்கி எடுத்தால் சீக்கிரம் இற்றுப்போகாது.

விழாவிலேயே குழந்தைகள் செய்யும் தொட்டி

கேக் வெட்டும்வரை குழந்தைகளை உட்காரவைக்க இதைவிட நல்ல வேலை நான் பார்க்கவில்லை. செய்தித்தாளை 15 செ.மீ. அகலமுள்ள நீளப் பட்டைகளாக முன்னாலேயே வெட்டி வையுங்கள். ஒரு டம்ளரின் மேல், அடிப்பக்கம் 5 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி தளர்வாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். நீட்டியிருக்கும் தாளை நான்கு பக்கமிருந்தும் உள்ளே மடக்கி, தரையில் வைத்து ஒரு அழுத்து. டம்ளரை உருவினால் காகிதத் தொட்டி. இறுக்கிச் சுற்றினால்தான் டம்ளர் வராமல் அடம்பிடிக்கும்.

ஒரு பேசினில் மண் கலவை, ஒரு கிண்ணத்தில் இரவே ஊறவைத்த தட்டப்பயறு. ஆளுக்கு இரண்டு பயறு, விரலின் முதல் ரேகை அளவு ஆழத்தில். நான்கைந்து நாளில் முளைத்துவிடும். பளபளப்பான வார இதழ்த் தாள் வேண்டாம், அது தண்ணீரை இழுக்காது. வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு பாக்குமட்டைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்துத் தாளோடு அப்படியே மண்ணில் நட்டுவிடலாம், வேருக்குத் தொந்தரவே இருக்காது.

விழா நாள் காலையில் இலை வேலை

மாவிலைத் தோரணமும் குருத்தோலையும் கடைசியில்தான். மாவிலை இரண்டு மூன்று நாள் தாங்கும், அதை முதல் நாள் இரவே கட்டலாம். காம்புப் பக்கத்தைக் கயிற்றின்மேல் மடித்து, ஈர்க்குச்சித் துண்டால் உள்ளே வெளியே என்று குத்தி நிறுத்துங்கள். குருத்தோலை ஒரே நாளில் வாடும். ஈரத்துணியில் சுற்றி வைத்துக் காலையில் மடியுங்கள். இதற்காக வீட்டு மரத்தின் குருத்தை வெட்ட வேண்டாம், மரம் தளர்ந்துவிடும். பூக்கடைத் தெருவில் ஓலையாகவே வாங்கலாம். கிளி, குருவி மடிக்கத் தெரிந்த தாத்தாவோ சித்தப்பாவோ வீட்டில் இருந்தால் அவரை நடுவில் உட்காரவைத்து எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள். கையைப் பார்த்துத்தான் அது வரும், எழுதிச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை.

மறுநாள்

வாழை இலை, மாவிலை, குருத்தோலை எல்லாவற்றையும் நறுக்கி, பாதியை மட்க வைக்கும் குழியில் போடுங்கள். மீதியைச் செடிகளின் அடியில் மூடாக்காகப் பரப்புங்கள். வாசலில் வாழை மரம் கட்டியிருந்தால் அந்தத் தண்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் சாம்பல் சத்து நிறைய இருக்கிறது, துண்டு துண்டாக வெட்டி உரக்குழியில் சேர்த்தால் பூச்செடிகளுக்கு நல்லது. ஈர்க்குச்சியையும் கயிற்றையும் எடுத்து வைத்தால் அடுத்த தோரணத்துக்கு ஆகும்.

டப்பா விளக்கில் ஒன்றிரண்டைத் தோட்டத்தில் மாட்டிவிட்டு, மற்றவற்றின் அடியில் நான்கு ஓட்டை போட்டு, உள்ளே தேங்காய் நாரைச் சுற்றிலும் வைத்து மண் நிரப்பினால் டேபிள் ரோஸ் நன்றாக வரும். ஓரிரு மழைக்காலத்தில் துரு பிடிக்கும், அதுவரை உழைக்கும்.

கொடிகளைத் துவைத்து, கயிற்றோடு சுருட்டிப் பெட்டியில் வையுங்கள். பசையில் ஒட்டியவை துவைத்ததும் பிரிந்துவிடும், அடுத்த தடவை மறுபடி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். வெட்டியதுபோக மிஞ்சிய புடவைத் துண்டுகளை விரல் அகலத்தில் கிழித்துத் தோட்டத்தில் ஒரு ஆணியில் மாட்டி வையுங்கள். அவரைக்கொடி, தக்காளித் தண்டு எதையும் நோகாமல் கட்ட அதுதான் சரி. பிளாஸ்டிக் கயிறு தண்டை அறுத்துவிடும், பருத்தித் துணி அறுக்காது.